ஒரே ஆட்டம், வெவ்வேறு கண்கள்: அரசியல் மோதலின்போது விளையாட்டைப் பற்றிய கருத்து எங்கிருந்து வருகிறது?

இரண்டு நாடுகளுக்கிடையே போர் மூண்டாலோ, ஓர் அரசு தன் மக்களில் ஒரு பகுதியினரை ஒடுக்கினாலோ, அந்த நாட்டு அணியோடு விளையாடலாமா என்ற கேள்வி எழுகிறது. விளையாட்டையும் அரசியலையும் கலக்கக் கூடாது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். மக்கள் வதைபடும்போது அதைச் செய்பவர்களோடு கைகுலுக்கி ஆடுவதே ஓர் அரசியல்தான் என்று மறுசாரார் வாதிடுகிறார்கள். இரு தரப்பினருமே தாங்கள் பொது நியாயத்தைப் பேசுவதாகவே நம்புகிறார்கள். ஆனால் யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கூர்ந்து பார்த்தால், அவர் எங்கே பிறந்தார், எந்த இனத்தவராக நடத்தப்பட்டார், எந்தப் போர் அவருடைய நினைவில் இருக்கிறது, விளையாட்டு அவருக்குப் பொழுதுபோக்கா பிழைப்பா என்பவையெல்லாம் அந்த நிலைப்பாட்டுக்கு அடியில் இருப்பது தெரியவரும். இந்தப் பின்புலம் கருத்தை எவ்வாறு வடிவமைக்கிறது, அதன் பிடி எங்கே தளர்கிறது என்பவற்றைப் புதிதாக அறிய விரும்புபவர்களுக்காக எழுதப்பட்டது இக்கட்டுரை.

அரசியலே இல்லாத ஓர் ஆட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது. 1951ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் டார்ட்மத் கல்லூரியும் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் மிகவும் முரட்டுத்தனமாக நடந்தது. பிரின்ஸ்டனின் நட்சத்திர ஆட்டக்காரருக்கு மூக்கு உடைந்தது, டார்ட்மத் ஆட்டக்காரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஆல்பர்ட் ஹேஸ்டார்ஃப், ஹேட்லி கேன்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு நிறுவனங்களின் மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, கண்ணில் பட்ட விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த மீறல்கள் என்று டார்ட்மத் மாணவர்கள் குறித்ததைப் போல ஏறத்தாழ இருமடங்கை பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்தார்கள். 1954இல் வெளியான இந்த ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுவதற்குக் காரணம் உண்டு. அந்த மாணவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரே படச்சுருளில் அவர்கள் உண்மையிலேயே வேறு வேறு ஆட்டங்களைப் பார்த்தார்கள்.

சில ஆண்டுகள் படித்துவிட்டு வெளியேறும் ஒரு கல்லூரியின் மீதுள்ள பற்றே பார்வையை இவ்வளவு திருப்பும் என்றால், உடன்பிறந்தவரை இழந்த போர், தலைமுறைகளாகத் தொடரும் அவமானம், பரம்பரையாக அனுபவித்த சலுகை ஆகியவை எவ்வளவு திருப்பும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பின்புலம் என்று இங்கே சொல்வது ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் உள்ள விவரங்களை மட்டும் குறிப்பதில்லை. எதைக் கண்டவுடன் உறுத்துகிறது, எது உறுத்தாமல் கடந்துபோகிறது, 'நாம்' என்று சொல்லும்போது அதற்குள் யார் யார் அடங்குகிறார்கள் என்பனவற்றை ஒருவருக்குப் பழக்கிவைத்திருக்கும் வாழ்க்கை முழுவதையும் அது குறிக்கிறது. உறுத்தாமல் கடந்துபோவதுதான் இவற்றில் முக்கியமானது என்பது என் கருத்து, ஏனெனில் தனக்குப் பழகிப்போன ஏற்பாட்டை யாரும் அரசியல் என்று உணர்வதில்லை.

யாருக்கு இயல்பு?

இதற்குத் தென்னாப்பிரிக்காவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, நிறவெறியைச் சட்டமாகவே ஆக்கியது. நாட்டின் சார்பில் கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடும் உரிமை வெள்ளையருக்கு மட்டுமே இருந்தது. மைதானங்களில்கூடக் கறுப்பின மக்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே வளர்ந்த ஒரு வெள்ளைக்கார ரசிகருக்கு இவற்றில் எதுவும் அரசியலாகத் தோன்றியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் பிறந்த நாளிலிருந்தே மைதானம் அப்படித்தான் இருந்தது. வெளிநாட்டிலிருந்து யாரோ ஒருவர் பதாகையுடன் வந்து நின்றபோதுதான் அவருடைய கணக்கில் விளையாட்டுக்குள் அரசியல் நுழைந்தது.

அதே நாட்டில் கேப் டவுன் நகரில் 1931இல் பிறந்து, 'கலப்பினத்தவர்' என்று அரசால் வகைப்படுத்தப்பட்ட பேசில் டி'ஒலிவேராவுக்கோ, மட்டையைக் கையில் எடுப்பதற்கு முன்பே அரசியல் ஆட்டத்துக்குள் நுழைந்துவிட்டிருந்தது. எவ்வளவு திறமை காட்டினாலும் சொந்த நாட்டு அணியில் இடமில்லை என்பதால் அவர் 1960இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். 1966இல் இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடத் தொடங்கினார். 1968 ஆகஸ்ட் மாதம் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ஓட்டங்கள் குவித்தும், அடுத்து தென்னாப்பிரிக்கா செல்லவிருந்த அணியில் முதலில் அவர் பெயர் சேர்க்கப்படவில்லை. பிறகு இன்னொரு வீரர் காயத்தால் விலக, டி'ஒலிவேரா சேர்க்கப்பட்டார். உடனே தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டர், இது நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் அணி என்று சொல்லி ஏற்க மறுத்தார், சுற்றுப்பயணம் கைவிடப்பட்டது. இதில் அரசியலை உள்ளே கொண்டுவந்தவர் யார் என்று கேட்டால், பதில் சொல்பவர் மைதானத்தின் எந்தப் பகுதியில் உட்கார வைக்கப்பட்டிருந்தார் என்பதைப் பொறுத்தே பதில் அமையும். 'இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது' என்பது, 1973இல் உருவான தென்னாப்பிரிக்க விளையாட்டுக் கழகத்தின் முழக்கம். அது வேலியின் மறுபக்கத்தில் நின்று பார்த்தவர்கள் எட்டிய முடிவு.

இதே பின்புலம் மைதானத்தில் எழும் ஆரவாரத்தையும் மாற்றியது. கறுப்பினப் பார்வையாளர்கள் பலர், தங்கள் நாட்டு ரக்பி அணியான ஸ்பிரிங்பாக்ஸுக்கு எதிராக யார் ஆடினாலும் அவர்களுக்காகவே கைதட்டினார்கள். பார்வைக்கு இது தேசத் துரோகம்போலத் தோன்றலாம். தேசம் என்ற சொல்லுக்குள் தங்களைச் சேர்க்காத ஓர் அணியைத் தங்கள் அணி என்று அவர்கள் ஏன் கருத வேண்டும் என்று கேட்டால் அந்தத் தோற்றம் கலைந்துவிடும். சிறையிலிருந்த காலத்தில் அந்த அணியின் தோல்வியை விரும்பியவர்களில் ஒருவரான நெல்சன் மண்டேலா, 1995 ஜூன் 24 அன்று ஜோகன்னஸ்பர்கின் எல்லிஸ் பார்க்கில் அதே அணியின் பச்சைச் சட்டையை அணிந்து வந்து அணித் தலைவர் ஃபிரான்சுவா பீனாரிடம் உலகக் கோப்பையைக் கொடுத்தார். நியூசிலாந்தை 15-12 என்று வென்ற அந்த அணியில் அப்போதும் ஒரே ஒருவர் தவிர அனைவரும் வெள்ளையர்களே. அணி பெரிதாக மாறிவிடவில்லை; ஓராண்டுக்கு முன் நடந்த தேர்தலில் எல்லா மக்களும் வாக்களித்திருந்தார்கள் என்பதே வேறுபாடு.

ஒரே நாடு, பல பின்புலங்கள்

மோதலில் நேரடியாகச் சம்பந்தப்படாத நாட்டில் எல்லாரும் ஒரேபோலச் சிந்திப்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1981இல் தென்னாப்பிரிக்க ரக்பி அணி நியூசிலாந்தில் சுற்றுப்பயணம் செய்தபோது, நடுவே பெருங்கடல்கள் கிடக்கும் அந்தச் சிறிய நாடு குடும்பம் குடும்பமாகப் பிளந்தது. 56 நாட்களில், 28 ஊர்களில், 200க்கும் மேற்பட்ட ஆர்ப்பாட்டங்களில் 1,50,000க்கும் அதிகமானோர் கலந்துகொண்டார்கள். சுமார் 1,500 பேர் மீது வழக்குப் பதிவானது. ஜூலை 25 அன்று ஹாமில்டன் நகரில் சில நூறு எதிர்ப்பாளர்கள் வேலியைப் பிரித்துக்கொண்டு மைதானத்துக்குள் புகுந்ததால் ஆட்டமே நடக்கவில்லை. காத்திருந்த ரசிகர்கள் கொதித்தார்கள். வெளியேறிய எதிர்ப்பாளர்களைச் சிலர் தாக்கினார்கள். நேரடி ஒளிபரப்பைப் பார்க்க விடியுமுன் எழுந்து உட்கார்ந்த தென்னாப்பிரிக்க வெள்ளையர்கள், தங்களுக்கு எதிராக வேற்று நாட்டவர் கைகோத்து நிற்பதைத் தொலைக்காட்சியில் கண்டார்கள்.

இந்தப் பிளவின் கோடுகள் எங்கெங்கே ஓடின என்பதே நமக்கு வேண்டிய பாடம். பொதுவாகச் சொன்னால் நகரத்துப் படித்த இளைஞர்கள் எதிர்த்தார்கள், கிராமப்புறத்தாரும் மூத்தவர்களும் ஆதரித்தார்கள். மூத்த தலைமுறைக்கு ஒரு நினைவு இருந்தது. இரண்டாம் உலகப் போரில் நியூசிலாந்து வீரர்களும் தென்னாப்பிரிக்க வீரர்களும் ஒரே அணியில் நின்று போரிட்டதைப் பிரதமர் ராபர்ட் மல்டூன் அப்போது நினைவூட்டினார். அந்தப் போரில் உறவை இழந்த ஒருவருக்கு அது வெறும் மேடைப்பேச்சு அன்று. வியட்நாம் போருக்கு எதிரான ஊர்வலங்களில் அரசியல் கற்ற இளையவர்களுக்கோ அந்த நினைவு இல்லை. அவர்கள் மனத்தில் இருந்தது 1976ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் வாழ்ந்த சொவெட்டோவில் பள்ளி மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட சில நாட்களிலேயே நியூசிலாந்து ரக்பி அணி தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றதும், அதைக் கண்டித்து பெரும்பாலும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததும் அந்த ஆண்டில்தான். ஒரு தலைமுறை தென்னாப்பிரிக்கா என்றதும் பழைய போர்த் தோழனைக் கண்டது, மறு தலைமுறை சொவெட்டோவைக் கண்டது.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் நிலை இன்னும் சிக்கலானது. தென்னாப்பிரிக்கா விரும்பவில்லை என்பதற்காக 1928, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் மாவோரி வீரர்களை விட்டுவிட்டே நியூசிலாந்து அங்கு அணியை அனுப்பியது. 1970இல் அழைத்துச் செல்லப்பட்டவர்கள் 'கௌரவ வெள்ளையர்' என்ற தகுதியில்தான் அனுமதிக்கப்பட்டார்கள். ஆகவே, விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்ற வாசகம் மாவோரிக் குடும்பங்களில் ஒலித்த விதம் வேறு. அதற்காக மாவோரிகள் அனைவரும் 1981இல் எதிர்ப்பாளர்களாக இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. ரக்பி அவர்களுக்குப் பெருமைக்குரிய தளமாகவும் இருந்ததால் அவர்களுக்குள்ளும் கருத்து பிரிந்தது. எதிர்த்த மாவோரிகள், தம்மோடு ஊர்வலத்தில் நடந்த வெள்ளையரைப் பார்த்து, தொலைவில் உள்ள நிறவெறியைக் காணும் கண்களுக்கு உள்நாட்டில் எங்கள் நிலத்துக்கு நேர்ந்தது ஏன் தெரியவில்லை என்று கேட்டார்கள். ஒரே பக்கம் நிற்பவர்களையும் அங்கே கொண்டுவந்து சேர்த்த வழிகள் வேறு என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை. விலக்கப்பட்ட மாவோரி வீரர்களிடம் நியூசிலாந்து ரக்பி அமைப்பு முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2010இல்.

களத்தில் நிற்பவரின் கணக்கு

இதுவரை பேசியவர்கள் பெரும்பாலும் பார்வையாளர்கள். விளையாடுபவருக்கோ பின்புலத்தில் இன்னொன்று சேர்கிறது: காலம். ஒரு வீரர் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள் சிலவே. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஒலிம்பிக் ஒன்று தவறினால் அது பலருக்கு வாழ்நாள் இழப்பாகிவிடும். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததற்காக 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தபோது, 1976இல் படகுவலிப்பில் வெண்கலம் வென்றிருந்த அனிடா டிஃப்ரான்ட்ஸ் தம் நாட்டு ஒலிம்பிக் குழுவின் மீது வழக்கே தொடுத்தார், தோற்றார். பிரிட்டனில் பிரதமர் தாட்சர் வற்புறுத்தியும் ஒலிம்பிக் சங்கம் அணியை அனுப்பியது. செபாஸ்டியன் கோ, ஆலன் வெல்ஸ் போன்றோர் தங்கம் வென்றபோது பிரிட்டன் கொடிக்குப் பதிலாக ஒலிம்பிக் கொடி ஏற்றப்பட்டது. சென்றவர்களைச் சுயநலக்காரர்கள் என்று திட்டுவது எளிது. பயிற்சியில் பத்தாண்டுகளைச் செலவிட்டவரிடம் மட்டும் தியாகத்தைக் கேட்டுவிட்டு, அதே நாட்டோடு வணிகம் செய்பவர்களிடம் அதைக் கேட்காமல் விடுவது நியாயமா என்ற அவர்களுடைய கேள்வியைத் தள்ளிவிடுவது அவ்வளவு எளிதில்லை.

இந்தியாவுக்கும் இப்படியொரு தருணம் வந்தது. 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டிக்கு இந்தியா தகுதி பெற்றது, எதிரணி தென்னாப்பிரிக்கா. ஆட மறுத்து, கோப்பையை விட்டுக்கொடுப்பது என்று முடிவாயிற்று. விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இடம்பெற்ற அந்த அணிக்கு இழப்பு எத்தகையது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கோப்பையை இந்தியா இன்றுவரை வென்றதில்லை. ஆயினும் அரசின் நிலைப்பாட்டுக்கும் ஒரு பின்புலம் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர்கள் நடத்தப்பட்ட விதத்தை 1946லேயே ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டுபோன நாடு, அதே ஆண்டில் அந்த நாட்டுடன் வணிக உறவையும் துண்டித்த நாடு, இந்தியா. இழந்தது வீரர்கள் மட்டுமே இல்லை என்பதால், மேலே சொன்ன கேள்வி இங்கே கூர் மழுங்குகிறது.

சில நேரம் மோதல் ஒரே மனிதருக்குள்ளேயே நடக்கிறது. 1978 கால்பந்து உலகக் கோப்பையை வென்ற அர்ஜென்டினா அணியின் நடுக்கள வீரர் ஓஸ்வால்டோ ஆர்டிலெஸ், அதன்பின் லண்டனின் டாட்டன்ஹாம் கழகத்தில் ஆடி அங்குள்ள ரசிகர்களின் அன்பைப் பெற்றிருந்தார். 1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினப் படைகள் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளில் இறங்கின; மறுநாள் அவர் இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் ஆட வேண்டியிருந்தது. எதிரணி ரசிகர்கள் அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் கூச்சலிட்டார்கள்; டாட்டன்ஹாம் ரசிகர்களோ பதிலுக்கு 'அர்ஜென்டினா' என்றே பாடினார்கள். அந்தப் போரில் அவருடைய உறவுச் சகோதரரான விமானி ஒருவர் கொல்லப்பட்டார். ஆர்டிலெஸ் சிறிது காலம் பாரிஸ் கழகம் ஒன்றுக்குச் சென்றுவிட்டுத் திரும்பினார். தேசமும் தொழிலும் உறவும் நட்பும் ஒரே திசையில் இழுக்கும்வரை பின்புலம் என்ற ஒன்று இருப்பதே ஒருவருக்குத் தெரிவதில்லை. அவை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கும்போதுதான் எத்தனை கயிறுகள் தன்னைக் கட்டியிருந்தன என்று புலப்படுகிறது.

பின்புலத்தின் எல்லை

தொடக்கநிலை வாசகர் தவறக்கூடிய இடம் இதுதான். பின்புலம் கருத்தை வடிவமைக்கிறது என்பதிலிருந்து, பின்புலம் தெரிந்தால் கருத்தையும் சொல்லிவிடலாம் என்று தாவிவிடக் கூடாது. 1983இல் மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த கறுப்பினக் கிரிக்கெட் வீரர்கள் சிலர், லாரன்ஸ் ரோவின் தலைமையில், நிறவெறி அரசின் நாட்டுக்குச் சென்று ஆடக் கூடாது என்ற தடையை மீறித் தென்னாப்பிரிக்காவில் விளையாடினார்கள். பெரும்பாலோர் டெஸ்ட் அணியில் நிலையான இடம் இல்லாதவர்கள், ஆண்டு முழுவதும் வருமானம் இல்லாதவர்கள், கொடுக்கப்பட்டதோ பெருந்தொகை. வாழ்நாள் தடையும் சொந்த ஊராரின் வெறுப்பும் அவர்களுக்குக் கிடைத்தன. அதே தீவுகளைச் சேர்ந்த விவியன் ரிச்சர்ட்ஸ் எவ்வளவு பணம் கொடுத்தாலும் வரமாட்டேன் என்று மறுத்தார். நிறமும் வரலாறும் இருவருக்கும் பொது. பொருளாதார நிலை பொது இல்லை. ஆனால் பணத்தேவை இருந்தும் போகாதவர்களும் இருந்தார்கள் என்பதால் பொருளாதாரமும் முழு விளக்கம் ஆகிவிடாது.

எதிர்த்திசையிலும் சான்றுகள் உண்டு. பீட்டர் ஹெய்ன் வெள்ளையர், பிரிட்டோரியாவில் வளர்ந்தவர். நிறவெறியை எதிர்த்ததற்காக அரசின் ஒடுக்குமுறைக்கு ஆளான பெற்றோருடன் 1966இல் பிரிட்டன் சென்று, 1970இல் வரவிருந்த தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் பயணத்தைத் தடுத்து நிறுத்திய இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். இனத்தைவிட வீட்டில் கண்டது அவரிடம் வலுவாக இருந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கறுப்பின ஓட்ட வீரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் பரிசு மேடையில் இனப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்புக் கையுறை அணிந்த கைகளை உயர்த்தியபோது, வெள்ளி வென்ற ஆஸ்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மன் மனித உரிமைச் சின்னம் ஒன்றைத் தாமும் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றார். அவர் ரட்சணிய சேனை என்ற கிறித்துவத் தொண்டு அமைப்பைச் சேர்ந்த குடும்பத்தில் வளர்ந்தவர். நியூசிலாந்து ரக்பி அணித் தலைவராக இருந்த கிரகாம் மௌரி 1981இல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஆட மறுத்தார். அவர் ஒரு விவசாயி. கிராமப்புறத்தார் ஆதரித்தார்கள் என்று மேலே நான் எழுதிய பொதுவிதிக்கு நேர் எதிரானவர்.

பின்புலத்தை விளக்குவது வேறு, கருத்தை நியாயப்படுத்துவது வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்க வெள்ளை ரசிகருக்கு நிறவெறி ஏன் கண்ணில் படவில்லை என்று புரிந்துகொள்ளலாம். அதனால் நிறவெறி ஒரு கருத்து வேறுபாடாகச் சுருங்கிவிடாது. மறுபுறம், ஒருவர் சொல்வதை அவருடைய பிறப்பைக் காட்டியே தள்ளிவிடுவதும் சோம்பேறித்தனம். துன்பப்பட்டவர் சொல்வதெல்லாம் சரி என்றோ தொலைவில் இருப்பவருக்குப் பேசும் தகுதியே இல்லை என்றோ இதிலிருந்து முடிவு பெற முடியாது. நெருக்கத்தில் இருப்பவருக்கு வலி தெரியும், தொலைவில் இருப்பவருக்குச் சில நேரம் முழுப் படம் தெரியும், பல நேரம் எதுவும் தெரியாது.

தன் பார்வையில் பின்புலம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சோதிக்க ஓரளவு நம்பத்தக்க வழி, நாடுகளின் பெயர்களை இடம் மாற்றி அதே கேள்வியைத் தனக்கே போட்டுக்கொள்வது. 1981இல் தென்னாப்பிரிக்க அணியின் வருகையைத் தடுக்க மறுத்து, விளையாட்டு அமைப்புகளின் முடிவில் அரசு தலையிடாது என்று சொன்ன மல்டூனின் அரசு, அதற்கு முந்தைய ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் செல்ல வேண்டாம் என்று தன் வீரர்களை வற்புறுத்திய அரசுதான். நியூசிலாந்திலிருந்து நான்கு பேர் மட்டுமே மாஸ்கோ சென்றார்கள். பெயர்களை மாற்றிப் போட்டதும் கொள்கை மாறிவிட்டது என்றால், அங்கே பேசியது கொள்கை இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். இந்தச் சோதனை முரண்பாட்டை மட்டுமே காட்டிக்கொடுக்கும். இரு முறையும் புறக்கணிப்பைக் கேட்டவரும், இரு முறையும் ஆட்டம் நடக்கட்டும் என்றவரும் இதில் தேறிவிடுவார்கள். அவர்கள் இருவருக்கும் இடையிலான வழக்கை அதன்பிறகுதான் தொடங்க வேண்டியிருக்கும்.